சான்றிதழ் தராத சனிக்கிழமைகள்

சென்னையில் லினக்ஸ் பயனர் குழு தொடங்கப்பட்டது 1998இல். வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் மோடத்தை மாட்டி, அது கீச்சிட்டுக் கரகரத்து இணைப்புக் கிடைக்கும்வரை காத்திருந்து, நிமிடத்துக்கு நிமிடம் காசு கணக்குப் பார்த்த காலம் அது. ஓர் இயங்குதளத்தை முழுதாகத் தரவிறக்குவது நடக்கிற காரியமில்லை. யாரிடமாவது குறுந்தகடு இருக்கும். அவரைத் தேடிப் பிடித்துப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். நிறுவும்போது பாதியில் நின்றுவிட்டால், விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் உண்டு. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடுவது என்கிற வழக்கம் அப்படித்தான் வேர்விட்டது. அடிப்படை தேவைதான், லட்சியமெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது.

இன்று அந்தத் தேவை போய்விட்டது. எந்த மென்பொருளும் சில நிமிடங்களில் இறங்கிவிடுகிறது. பெரும்பாலான பிழைச் செய்திகளுக்கு யூடியூபில் தமிழிலேயே விளக்கம் கிடைக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் பேச்சுத் தமிழில் கேட்டால்கூட நிரலை எழுதியே கொடுத்துவிடுகிறது. 2022இல் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் பயிற்சிகளைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவந்திருக்கிறது. பிறகு எதற்காக ஒரு மாணவி விடுமுறை நாளில் இரண்டு பஸ் மாறிப் போய், முன்பின் தெரியாத பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் தயங்கித் தயங்கி நுழைய வேண்டும்?

‘வேலை கிடைக்க உதவும்’ என்பது வழக்கமான பதில். அது பொய்யில்லை. ஆனாலும், அதை முதல் பதிலாகச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. வேலைக்காக வருகிறவர் வேலை கிடைத்ததும் போய்விடுவார். வேலை விவரம் பகிர்வதற்கு வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அவையும் தம் கடமையைச் செய்கின்றன. கூடி உட்காரும் அறையில் மட்டும் கிடைக்கிற ஒன்று உண்டு. அது இல்லாமல்போனால் என்ன ஆகும் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்பு உலகமே வேடிக்கை பார்த்தது.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ என்று ஒரு நிகழ்வு. 2020இல், யாரும் திருத்தி மேம்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு நான்கு திருத்தங்களை அனுப்பிவைத்தால் ஒரு டி-ஷர்ட் இலவசமாகக் கிடைத்தது. நோக்கம் நல்லதுதான். அந்த ஆண்டு, எப்படிச் சுலபமாகத் திருத்தம் அனுப்பலாம் என்று இந்திய யூடியூப் காணொளி ஒன்று செய்துகாட்டியது. அவ்வளவுதான். ஒரு திட்டத்தின் அறிமுகக் கோப்பில் ‘அருமையான திட்டம்’ என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பும் கூட்டம் கிளம்பியது. உலகெங்கும் மென்பொருள்களைப் பராமரிப்பவர்கள் தூக்கத்தைத் தொலைத்து அவற்றை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்ற வேண்டியதாயிற்று: விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டுமே இனி அனுப்பலாம். 2024 தொடக்கத்தில் அதே கதை வேறு உருவத்தில் வந்தது. ‘எக்ஸ்பிரஸ்’ என்கிற புகழ்பெற்ற இணையச் செயலிச் சட்டகத்தின் அறிமுகக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி மாணவர்கள் திருத்தங்களை அனுப்பிக் குவித்தார்கள். அதற்கும் மூலம் ஒரு பயிற்சிக் காணொளிதான்.

இணையத்தில் இந்திய மாணவர்களைக் கேலி செய்து தீர்த்தார்கள். எனக்கு அந்தப் பிள்ளைகள்மீது கோபம் வரவில்லை. சொல்லிக்கொடுத்ததை அவர்கள் சரியாகவே செய்தார்கள். திட்டத்தை நகலெடுப்பது, மாற்றுவது, திருப்பி அனுப்புவது என்று எல்லாப் படிகளும் பிசகில்லாமல் நடந்தன. மறுமுனையில் ஓர் ஆள் இருக்கிறார், சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து அதைப் படிக்கப்போகிறார் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. காணொளியால் அதைச் சொல்லவும் முடியாது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் மூத்தவர், “தம்பி, இதை எதுக்குப்பா அனுப்புற? அந்த மனுஷன் ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து இதை மூடிக்கிட்டு இருக்கணும்” என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மறுமுனையில் இருக்கும் ஆளைப் பற்றிய அந்த அறிவுதான் அறையில் கிடைப்பது.

மென்பொருள் எழுதுவது யாரோ, எங்கேயோ, கலிஃபோர்னியாவில் என்கிற நினைப்பு நம்மிடம் ஊறிக்கிடக்கிறது. தமிழைப் பொறுத்தவரை இது வெறும் மனக்குறையோடு நிற்பதில்லை. நடைமுறைச் சிக்கலாகவே வந்து நிற்கிறது. பைத்தான் நிரல்மொழியிடம் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். 5 என்று விடை வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லும். கணினி எண்ணுவது யுனிகோட் எனப்படும் ஒருங்குறியின் குறியீடுகளை: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால் கூத்து இன்னும் கூடும். இகரம் மகரத்தை விட்டுவிட்டு ழகரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்; புள்ளி, நிற்க எழுத்தில்லாமல் வெற்று வட்டம் ஒன்றின் தலையில் தொங்கும்.

‘கொடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ஒகரத்தை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடுகிற நிரல் அவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கத் தெரியாததாக இருந்தால், கண் முன்னால் இருக்கிற ‘கொடி’யை ‘இல்லை’ என்று சாதிக்கும். ஓர் அரசு அலுவலகத்தின் பெயர்ப் பட்டியலில் இப்படி ஆனால், பெயர் இருந்தும் இல்லாத ஆளாகிவிடுவார் ஒரு கொளஞ்சியப்பன்.

இதையெல்லாம் யார் கண்டுபிடிப்பார்கள்? தினமும் தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள்தான். யார் சரிசெய்தார்கள் என்று கேட்டாலும் பெரும்பாலும் அதே பதில்தான். தமிழ் எழுத்துகளை எழுத்துகளாகவே எண்ணத் தெரிந்த ‘ஓப்பன்-தமிழ்’ என்கிற பைத்தான் நிரல்தொகுப்பு தன்னார்வலர்களின் ஆக்கம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், வெவ்வேறு நாடுகளில் இருந்தவர்கள் பழந்தமிழ் நூல்களைப் பங்குபோட்டுத் தட்டச்சு செய்தார்கள். அதிராம்பட்டினத்து உமர்தம்பி ‘தேனீ’ ஒருங்குறி எழுத்துருவை உருவாக்கி எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டு 2006இல் மறைந்தார். எ-கலப்பை என்கிற இலவசத் தட்டச்சு மென்பொருள் இல்லாமல் தமிழில் தட்டச்சு பழகிய ஒரு தலைமுறையைக் கற்பனை செய்ய முடியவில்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கி ஒன்றரை லட்சம் கட்டுரைகளைக் கடந்து நிற்கிறது. அரசின் பங்கை மறைக்க வேண்டியதில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடுதான் தமிழ்99 விசைப்பலகையைத் தந்தது. ஆனால், மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி சம்பளம் வாங்கும் நேரத்துக்கு வெளியே, வீட்டாரின் முணுமுணுப்புக்கு நடுவே நடந்த வேலை.

‘எனக்கு நிரல் எழுதத் தெரியாதே’ என்று ஒதுங்குகிறவர்கள் அநேகம். அவர்களுக்குத்தான் இப்போது அதிக வேலை இருக்கிறது. பழைய நூல்களை இணையத்தில் ஏற்றும் விக்கிமூலத்தில் ஒரு நூலின் பக்கம் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். இடப்பக்கம் தட்டச்சான எழுத்து, வலப்பக்கம் பழைய அச்சுப் பக்கத்தின் படம். கணினி படித்துக் கொடுத்த எழுத்தில் ‘ன’வும் ‘ள’வும் இடம் மாறியிருக்கும், துணைக்கால் ரகரமாகியிருக்கும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வரும். வேறொருவர் மறுபடி பார்த்துச் சரியென்றால்தான் பச்சை. ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. அமைப்பிலேயே இரண்டாவது ஆளுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். இந்த வேலையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஐந்து மென்பொருள் பொறியாளர்களை அநாயாசமாகத் தோற்கடிப்பார். கணினிக்குப் பேச்சைப் புரியவைக்க மோசில்லா நடத்தும் ‘காமன் வாய்ஸ்’ திட்டத்துக்குத் தமிழ்க் குரல்கள் வேண்டும். அதற்குக் குரல் இருந்தால் போதும். திருநெல்வேலிக் குரல், கோவைக் குரல் என்றால் இன்னும் நல்லது. சென்னைச் செய்தி வாசிப்பாளர் தமிழை மட்டும் கேட்டுப் பழகிய கணினி, நாளைக்கு நாங்குநேரிக்காரர் பேசும்போது விழிக்கும்.

இப்படிச் சேர்த்துவைத்த வேலை எப்போது கைகொடுக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, சென்னையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று, யாரும் வரையக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் மக்களே குறித்துக் காட்டினார்கள். தெருக்களைத் தொட்டால் நிறம் மாறும், அவ்வளவுதான் அந்தப் பக்கத்தின் தொழில்நுட்பம். அதற்கு முன்பே பல ஆண்டுகளாக ஆர்வலர்கள் தெருத் தெருவாகப் போய் அந்த வரைபடத்தை வரைந்து வைத்திருந்ததால்தான் அது சாத்தியமானது. வெள்ளம் வந்தபிறகு குழு கூட்ட முடியாது.

அறைக்குத் திரும்புவோம். முதன்முறை போகிறவருக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும். மூன்று மணி என்று போட்டிருப்பார்கள். மூன்றே காலுக்கும் புரொஜெக்டர் நீலத் திரையைக் காட்டிக்கொண்டு நிற்கும். பேச வந்தவரின் மடிக்கணினியில் ஒரு துளை, கேபிளில் வேறொரு முனை. “டாங்கிள் யார்கிட்டயாவது இருக்கா?” என்று ஒரு குரல். கடைசி வரிசையில் ஒருவர் பையைத் துழாவி எடுத்துக் கொடுப்பார். அவர் ஒவ்வொரு மாதமும் அதைக் கொண்டுவருகிறவர் என்பது மூன்றாவது மாதம் தெரியும். பேச்சில் பாதி புரியாது. முடிந்தபின் டீக்கடைக்கு நகர்வார்கள். உண்மையான கூட்டம் அங்கேதான் தொடங்கும். எந்த நிறுவனத்தில் எந்த மென்பொருள் கழுத்தறுக்கிறது, எந்தப் பயிற்சி மையம் காசைப் பிடுங்குகிறது, அந்தப் பேச்சாளர் சொன்னதில் எது தவறு என்பதெல்லாம் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லப்படும். அந்த டாங்கிளைக் கொண்டுவருவது, வந்தவர்களுக்கு நாற்காலி போடுவது, பேசியதைக் குறிப்பெடுத்து வராதவர்களுக்கு அனுப்புவது என்று ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்கிறவர்தான் ஆறு மாதத்தில் உள்ளாள் ஆகிறார். ‘என்ன கற்கலாம்’ என்று மட்டும் வருகிறவர் அதே ஆறு மாதத்தில் காணாமல்போகிறார். நான் பார்த்தவரை இதற்கு விதிவிலக்கு குறைவு.

மொழி அடுத்த தடை. நகரத்துக் கூட்டங்கள் பலவற்றில் ஆங்கிலப் பேச்சு, ஆங்கிலப் படவில்லை. “எனி டவுட்ஸ்?” என்று கேட்டால் மயான அமைதி. அதே ஆட்கள் தமிழில் பேசும்போது கேள்விகள் மளமளவென்று வருகின்றன. காஞ்சிபுரத்து லினக்ஸ் குழு ஞாயிறுதோறும் இணையவழியில் தமிழிலேயே பேசுகிறது. விழுப்புரத்துக் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகப் பயிற்சி நடத்துகிறது. புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருளுக்காக ஓர் இயக்கமே இருக்கிறது. டெபியன் இயங்குதள ஆர்வலர்களின் மாநாடு தமிழ்நாட்டுக்கு வந்தபோது, 2023 ஜனவரியில், அது நடந்த இடம் சென்னையோ கோவையோ இல்லை, விழுப்புரம். அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சியில் நடந்தது. ரயில் டிக்கெட் செலவில் உலகின் தலைசிறந்த நிரலாளர்களோடு ஒரே மேசையில் சாப்பிட முடிந்த வாய்ப்பு அது.

டெபியனில் ஒரு பழக்கம் இருக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்க வருகிறவரை ஏற்கெனவே உள்ள ஒருவர் நேரில் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்து, அவருடைய மின்னணுச் சாவியின் கைரேகை எண்ணைச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்பது நெடுநாள் முறை. எல்லாமே இணையத்தில் நடக்கிற ஒரு திட்டம் இதில் மட்டும் முகத்தைப் பார்க்கக் கேட்டது. 2024 மார்ச்சில் வெளிவந்த ‘எக்ஸ்இசட்’ விவகாரம் அதன் அருமையை உணர்த்தியது. எக்ஸ்இசட் என்பது லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள். அதைப் பராமரித்தவர் பெரும்பாலும் தனியாள், மனநலச் சிக்கலோடு இருந்தவர். ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உதவ வந்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். வேறு சில பெயர்கள், ‘ஏன் இவ்வளவு தாமதம், அவரிடம் பொறுப்பைக் கொடுங்களேன்’ என்று நச்சரித்தன. கடைசியில் மென்பொருளுக்குள் ஒரு கள்ளக் கதவு வைக்கப்பட்டது. உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்கிற பொறியாளர் சந்தேகப்பட்டுத் துருவியதால் உலகம் தப்பித்தது. ஜியா டான் யார் என்பது இன்றுவரை வெளிச்சத்துக்கு வரவில்லை. உள்ளூர்க் கூட்டம் ஒன்று இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொன்னால் மிகையாகிவிடும். ஆனால், அந்தத் தனியாளுக்குத் தோள் கொடுக்க முகம் தெரிந்த இரண்டு பேர் இருந்திருக்கலாம்.

நம் ஊர்க் குழுக்களுக்கும் இதே நோய்தான். பெரும்பாலான குழுக்களை ஒருவர் அல்லது இருவர் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவருக்குக் கல்யாணம் ஆகும், பெங்களூருக்கு மாற்றலாகும், குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல்போகும். நவம்பர் மழையில் ஒரு கூட்டம் ரத்து, தேர்வு மாதத்தில் இன்னொன்று ரத்து, அதோடு குழு அஸ்தமனம். ஆகவே, புதிதாகப் போகிறவர் செய்யக்கூடிய பெரிய உதவி, அடுத்த மாதக் கூட்டத்துக்கு இடம் பிடிக்கும் வேலையை அந்த மனிதரிடமிருந்து வாங்கிக்கொள்வது. சொற்பொழிவு ஆற்றுவதெல்லாம் இரண்டாம்பட்சம்.

இடம் என்றதும் கல்லூரிகள் நினைவுக்கு வரும். நல்ல அரங்கு, ஏ.சி., இணைய வசதி எல்லாம் உண்டு. ஆனால், உள்ளே போனதும் அது விழாவாகிவிடும். ஃபிளெக்ஸ் பேனர், குத்துவிளக்கு, பொன்னாடை, துறைத் தலைவரின் வரவேற்புரை, தாளாளரின் தலைமையுரை என்று முதல் ஒரு மணி நேரம் கரையும். வருகைப் பதிவுக்காக உட்காரவைக்கப்பட்ட இருநூறு மாணவர்கள், கடைசியில் ஒரு சான்றிதழ், ஒரு குழுப்படம். அங்கீகாரக் குழு வரும்போது காட்ட ஒரு கோப்பு சேர்ந்துவிடும். அந்த இருநூறு பேரில் அடுத்த மாதம் தானாக எத்தனை பேர் வருவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நிறுவனங்கள் நடத்தும் கூட்டங்கள் வேறு ரகம். சாப்பாடு நன்றாக இருக்கும், ஸ்டிக்கர் கிடைக்கும், அவர்கள் விற்கிற கிளவுடைப் பற்றி மட்டும் பேச்சு இருக்கும். இலவசமாக அரங்கு தருகிறார்களே என்று நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. தலைமையகத்தில் நிதி வெட்டினால் அந்தக் குழு மறுநாளே காற்றில் கரைந்துவிடும் என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பெண்கள் ஏன் குறைவாக வருகிறார்கள் என்று ஒவ்வொரு குழுவும் கவலைப்படுகிறது. கவலைப்படுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்க்கலாம். ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியும் கூட்டத்துக்கு, ஆறரைக்கு வாசல் பூட்டும் விடுதியில் இருக்கிற பெண் எப்படி வருவார்? பையன்கள் விடுதியில் அந்தப் பூட்டு இல்லை, அல்லது மதில் ஏறிக் குதிக்கலாம். காலைப் பத்து மணிக்கு, பேருந்து நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில், கழிவறை ஒழுங்காக உள்ள இடத்தில் கூட்டம் வைத்தால் எண்ணிக்கை மாறும். வரவேற்க ஓர் அக்கா இருந்தால் இன்னும் மாறும். பன்முகத்தன்மை பற்றிய சிறப்புரைகளைவிட இவை மலிவானவை.

அப்படி ஓர் இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது, ஏறக்குறைய எல்லா ஊரிலும். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது, 1948இல். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டிவருகிறோம். கோட்டூர்புரத்தில் 2010இலும் மதுரையில் 2023இலும் எழுந்த மாபெரும் நூலகங்களைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறோம். 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட ‘முதல்வர் படைப்பகம்’, மடிக்கணினியோடு வருகிறவர்களுக்கு அரசே உட்கார இடம் கொடுக்க முடியும் என்று காட்டியது. தெருவுக்குத் தெரு படிப்பகம் வைத்து, ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டு அரசியல் பழகிய ஊர் இது. தொண்ணூறுகளின் அறிவொளி இயக்கத்தில் சம்பளம் இல்லாத தொண்டர்கள்தான் புதுக்கோட்டைக் கிராமங்களில் எழுத்தும் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கூடிக் கற்பது நமக்கு இறக்குமதிச் சரக்கில்லை.

மாவட்ட மைய நூலகங்களில் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, மூன்று மணி நேரம், ஓர் அறையை உள்ளூர்க் கணினி ஆர்வலர்களுக்கு ஒதுக்கலாம். பொது நூலக இயக்ககம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நடக்கும். ‘யார் பொறுப்பு, ஏதாவது உடைந்தால் என்ன செய்வது’ என்று நூலகர் கேட்பார், நியாயமான கேள்வி. ஒரு பதிவேடு, உள்ளூர்க்காரர்கள் இருவரின் பெயர், கையெழுத்து போதும். வாசகர் வட்டங்கள் பல ஊர்களில் இந்த ஏற்பாட்டில்தான் ஆண்டுக்கணக்காக இயங்குகின்றன. சென்னையில் பைத்தான் குழு மாதத்தின் நான்காம் சனிக்கிழமையைத் தனதாக்கிக்கொண்டதுபோல ஒவ்வோர் ஊரும் ஒரு கிழமையைப் பிடித்துக்கொள்ளலாம். திறப்பு விழா வேண்டாம். அமைச்சர் தேதிக்குக் காத்திருந்தால் ஒரு வருடம் போய்விடும். புரொஜெக்டர்கூட அவசியமில்லை. ஒரு நீள மேசை, பத்து நாற்காலி, வேலை செய்கிற இரண்டு பிளக் பாயின்ட், மூன்றாம் மாதம் நான்கே பேர் வந்தாலும் அறையை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுத்துவிடாத ஒரு நூலகர்.